அகலமான மணப்பெண்

இன்றைக்கும் அந்தக் குண்டுப் பெண்ணைப் பார்த்தாக வேண்டுமே என்று சங்கரி நினைத்தாள். ஒவ்வொரு கல்யாண நாளிலும் கணவன் மாரிச்செல்வம் அவர்களுடைய கல்யாண சிடியை டிவியில் போட்டுவிடுவான். மணவறையை அடைத்து உட்கார்ந்திருந்த அந்தச் சங்கரிக்குப் பயந்தே இவள் கல்யாணத்திலிருந்து மரவள்ளியை, இந்த ஊர்க் கப்பைக் கிழங்கைத் தொடுவதில்லை.

“சிடி கீறிப் போச்சும்மா. டேப்லெட்டுல ஏத்திட்டேன்,” என்று மகள் அஞ்சு நீட்டினாள்.

திரையில் ஓர் ஒல்லிப் பெண் மாலையோடு இருந்தாள்.

“யாருடி இது?”

“நீதான். உன் வீடியோ சதுரமாட்டு எடுத்தது. டேப்லெட்டும் ஏறக்குறைய அப்படித்தான். நம்ம டிவி அகலம். அப்பா படத்தை இழுத்து நிரப்பி வச்சிருக்கார்.”

“பின்னே? உன் அம்மா வீட்டுல சீரா தந்த டிவி. ரெண்டு ஓரமும் கருப்பா, சும்மா கிடக்கணுமா?” என்றான் மாரிச்செல்வம், கப்பையும் மீன் குழம்பும் இருந்த தட்டோடு எட்டிப் பார்த்து.

ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தாமல் இத்தனை வருடம் பட்டினி கிடந்திருக்கிறோமே என்று சங்கரிக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

அவன் சிரிக்கவில்லை. ஒல்லிப் பெண்ணின் பக்கத்தில் ஒடுங்கிய தோளோடு ஒரு மாப்பிள்ளை இருந்தான். மட்டாஞ்சேரி முழுக்க அவன் பெருமையடித்த கல்யாண காலத்து அகன்ற நெஞ்சைக் காணவில்லை.

“சாயங்காலம் பக்கத்து வீட்டு ஓமனா சேச்சி குடும்பத்தோட வீடியோ பாக்க வருவாங்க,” என்றான் மெதுவாக. “டிவியிலயே போட்டுரு சங்கரி.”

சங்கரி டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவன் தட்டிலிருந்து ஒரு கப்பைத் துண்டை எடுத்தாள்.

“இதுலயே பாத்துக்கட்டும்,” என்றாள்.