மாசாணத்தின் மதிப்பு

மீன்காரி அந்தோணியம்மாதான் முதலில் கேட்டாள். “ஏம்மா ஜெனிட்டா, காலையிலேருந்து மாசாணம் மதிப்பு இப்படி ஏறுதே, உன் வீட்டுக்காரருக்கு என்ன செய்யுது?”

ஜெனிட்டாவின் கணவன் சேவியர் இறங்க முடியாத நாளில் கபடி பாடிப் போக, வெளியே காத்திருக்கிற மாற்று ஆட்டக்காரன்தான் மாசாணம். ஆட்டக்காரரின் தோலுக்கடியில் இருக்கும் சில்லு கண்டுபிடிக்கும் நோயை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆளாளுக்குக் கைபேசியில் ஓர் அணி போட்டு, கேப்டன் வைத்துப் பந்தயம் கட்டும் ஃபேன்டசி செயலி, அந்தச் சில்லைப் பார்த்து மாற்று ஆட்டக்காரனின் மதிப்பை ஏற்றிவிடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சேவியருக்கு முழங்கால் பிசகினால் மாசாணத்தின் மதிப்பு ஒரு ஆட்டத்துக்கு ஏறும். இன்றைக்கோ இனி வரும் எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்து ஏறியிருந்தது.

வாங்கிய மீனை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள் ஜெனிட்டா. சேவியர் சோறு பிசைந்துகொண்டிருந்தான்.

“உங்களுக்கு என்ன செய்யுது?”

“எனக்கென்னட்டி? கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். அது கெடக்கு, சும்மா உளறும்.”

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. “ஊரே உங்களத் தூக்கிட்டு அவனப் போட்டிருக்கு. நாம ரெண்டு பேரு போதும், அவங்க மூஞ்சில கரியப் பூச” என்று சிரித்தபடி, அவன் அணியையும் தானே போட்டுவிட அவன் கைபேசியை எடுத்தாள். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே, எந்த ஆட்டத்துக்கும் தன்னைத் தவிர வேறு யாரையும் கேப்டனாகப் போட்டதில்லை அவன்.

“ஏட்டி, அத வை” என்றான் சேவியர், எச்சில் கையோடு எழுந்து.

அணியைப் போன வாரமே போட்டு வைத்திருந்தான். கேப்டன் மாசாணம். சேவியர் அதில் எங்குமே இல்லை.