ஜெயித்துவிட்டு வந்து கேளும்

"டாக்டரே, உமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஓடுற குதிரையை யாராவது லாயத்துல கட்டுவாங்களா?"

மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்தினார் லெம்யுவல் கிராப். ஓஹையோவில் அந்தச் சின்ன ஊரின் மாவு மில்லுக்கு முதலாளி, காலேஜ் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை உதைப்பதைவிட ஆளோடு ஆள் மோதுவதுதான் அதிகம். டன்மோர் காலேஜோடு மோதல், பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை, இரு பக்கமும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. இந்த நேரம் பார்த்து, காளை மாதிரி ஆடிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பயிற்சியாளர் டாக்டர் ஃபென்டன் வெளியே உட்கார வைத்துவிட்டார்.

"அவனுக்கு முட்டி விலகியிருக்கு ஐயா," என்றார் டாக்டர், கட்டுப் போட்டபடியே.

"விலகினா என்ன? நாங்கள்லாம் அந்தக் காலத்துல ஆடலையா?"

"எங்கே, மாவு மூட்டை மேலேயா?"

மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த பையன்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

கிராப்புக்குச் சுருக்கென்றது. ஆனால் முறைத்துக்கொள்ள முடியாதே! போன வருஷம் இதே டன்மோரோடு ஆடியபோது, ஆர்லோ என்ற பையன் தலையில் அடிபட்டுச் செத்துப்போனான். ஆட்டத்திலும் தோற்றார்கள். பழைய பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டார். அந்த இடத்துக்கு ஈ காக்கை வராதபோது, சம்பளமே வேண்டாம் என்று தானாக வந்து நின்றவர், ஊருக்கு வைத்தியம் பார்க்கும் இந்த டாக்டர்தான்.

சும்மா வரவில்லை. "டன்மோரை ஜெயிச்சுக் கொடுத்தா, நான் கேக்கிற ஒண்ணைச் செய்யணும்," என்று குழு முன்னால் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வந்தார். ஆர்லோவைப் புதைத்த மறுவாரமே எதையோ கேட்க வந்தவரை, வாயைத் திறக்கவிடாமல் விரட்டியவர் கிராப். "தோத்துப்போய் நிக்கிறப்ப என்ன பேச்சு? ஜெயிச்சுட்டு வந்து கேளும்!"

என்ன கேட்கப்போகிறார்? காலேஜுக்கு ஓர் ஆஸ்பத்திரி கேட்பார். டாக்டர் வேறென்ன கேட்பார்? கட்டிக் கொடுத்தால் போச்சு!

கேப்டன் கிளெம் ரட் உதடு கிழிந்து, ரத்தம் துப்பிக்கொண்டு நின்றான்.

"டேய் கிளெம், மானத்தைக் காப்பாத்திடுவீங்களா?" என்றார் கிராப்.

"ஜெயிக்காம வீட்டுக்குப் போறதில்ல சார்."

பையன் முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த வருஷம் எல்லாப் பையன்களும் அப்படித்தான். பாட்டில்லை, கூச்சலில்லை. நேர்த்திக்கடனுக்கு ஆடுவதுபோல் ஆடினார்கள். என்ன சொக்குப்பொடி போட்டாரோ இந்த டாக்டர் என்று கிராப் வியந்துபோனார்.

பொழுது சாயும் நேரத்தில், டன்மோர்க்காரர்கள் நாலு பேர் மேலே தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டே, பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி விழுந்தான் கிளெம். அஞ்சு புள்ளி! அத்தோடு ஆட்டம் முடிந்தது. கிராப் தொப்பியை வானத்தில் எறிந்தார், அது திரும்பி வரவே இல்லை.

அன்று சாயங்காலம் காலேஜில் பெரிய விருந்து. வறுத்த பன்றிக்கறியும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் மேஜை கொள்ளாமல் இருந்தன. ஜெயித்த பந்தின் மேல் வெள்ளைப் பெயின்டில் புள்ளிக் கணக்கை எழுதி, டாக்டர் கையில் கொடுத்தார் கிராப்.

"வாக்குன்னா வாக்குதான். கேளும் டாக்டரே! ஆஸ்பத்திரிதானே?"

டாக்டர் பந்தை மேஜைமேல் வைத்தார். "இதுதான் கடைசிப் பந்து. இன்னையோட நம்ம காலேஜ்ல இந்த ஆட்டத்தை நிறுத்திடணும்."

கிராப் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நிறுத்தவா? அப்புறம் எதுக்கய்யா இந்தப் பாடுபட்டு ஜெயிச்சீர்?"

"போன வருஷம் இதைக் கேக்கத்தான் வந்தேன். தோத்தவன் சொன்னா, 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்'னு நரி சொன்ன கதைன்னு சிரிப்பீங்க. ஆர்லோ என் கையிலதான் போனான் ஐயா. இன்னொரு பிள்ளையை நான் தூக்க மாட்டேன்."

கிராப்புக்கு ரத்தம் கொதித்தது. ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"டேய், கேட்டீங்களாடா? உங்க ஆட்டத்துக்கே குழி பறிச்சுட்டார்! எழுந்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்கடா!"

அத்தனை பேரும் எழுந்தார்கள். தையல் போட்ட உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தான் கிளெம்.

"முதல் நாளே எங்ககிட்ட சொல்லிட்டார் சார். இதுக்காகத்தான் நாங்க ஜெயிச்சோம்."