இறங்காத கேட்

ஒரு கையில் கருவிப் பெட்டி, மறு கையில் செய்தித்தாளில் சுற்றிய கெண்டை மீன். ரயில்வே மெக்கானிக் ப்ளாமென் அப்படிக் குனிந்து காவல் அறைக்குள் நுழைந்ததும் லெவல் கிராசிங் காவலாளி ராத்கோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

புனித நிக்கோலாஸ் திருநாளில் கெண்டை வேகாத வீடு பல்கேரியாவில் கிடையாது. ஆனால் இந்த வருடம் ராத்கோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு மீன் கொடுக்கக்கூட ஆளில்லை. ரொட்டி வண்டி ஓட்டி வந்த பையனை ரயில் அடித்துப் போட்டதிலிருந்து ஊரே அவர் முகத்தில் விழிப்பதில்லை.

"எதுக்குண்ணே அழறீங்க? நேத்து துன்ஜா ஆத்துல நானே புடிச்சது. என் படகு பேட்டரியில ஓடுது, சத்தமே வராது. பக்கத்துல போய் நின்னாக்கூட மீனுக்குத் தெரியாது."

"மீனா முக்கியம்? இந்த வாசப்படி ஏறி வந்தியே தம்பி, அது போதும். கடவுள் சத்தியமா சொல்றேன். அன்னைக்குக் கரண்ட் போச்சு, ரயில் வர்ற நேரம். பொத்தானை அமுக்கறேன், கேட் இறங்கல, மணி அடிக்கல. கொடியைத் தூக்கிட்டு ஓடறதுக்குள்ள..."

"கரண்ட் போனா பேட்டரியில இறங்கணுமே?"

"அந்தப் பேட்டரிதான் செத்துப் போச்சுங்கறேன்! ரக்கியா குடிச்சிட்டுத் தூங்கினேன்னு ஊரு பூரா சொல்றானுங்க. மத்தியானம் விசாரணை அதிகாரி வர்றாரு. பேட்டரி நல்லாருக்குன்னு முடிவாயிட்டா எனக்கு ஜெயில்தான்."

ஆள் மாற்றி ஆள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் முள் கம்பீரமாக நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? சார்ஜரைக் கழற்றாமல் அளந்தால் மீட்டரில் தெரிவது சார்ஜரின் தெம்புதான், பேட்டரியின் தெம்பு அல்ல. கழற்றினால் தலைமை நிலையத்தில் அலாரம் அலறும், யாராவது போனில் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். அந்த வம்பே வேண்டாமென்று அந்தப் பாதையில் ஒருவரும் கழற்றுவதில்லை.

ப்ளாமென் கழற்றினான். இடுப்புச் சாவியால் பேட்டரிப் பெட்டியைத் திறந்தான், ராத்கோ கேட்பதற்கு முன்பே சார்ஜர் வயரைப் பிடுங்கினான். போன் அலறியது. "சோதனை பண்ணிட்டிருக்கேன், வைங்க!" என்று அதட்டிவிட்டு வைத்தான். ராத்கோவுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பெட்டிக்குள் இரண்டு பேட்டரிகள். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. ப்ளாமென் நேராகக் கறுப்பின் மேல் மீட்டரை வைத்தான்.

"இப்ப பொத்தானை அமுக்குங்க."

ராத்கோ அமுக்கினார். முள் தடாலென்று விழுந்தது. வெளியே கேட் ஒரு சாண்கூட அசையவில்லை.

"பாத்தியா! பாத்தியா தம்பி! நான் பொய் சொல்லலையே!" கிழவர் குழந்தை மாதிரி விசும்பினார்.

"இதுதாண்ணே உங்க சாட்சி. அதிகாரி வர்றதுக்குள்ள பரிசோதனைக் கூடத்துல குடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கேட்டை இப்படியே விட முடியாதுல்ல? என் வண்டியில நல்லது ஒண்ணு இருக்கு, மாட்டிடலாம்."

செத்த பேட்டரியை ராத்கோ பிடிவாதமாகத் தானே தூக்கினார். அதன் தலையில் காய்ந்த மீன் செதில்கள் ஒட்டியிருந்தன. சாட்சி சுத்தமாக இருக்கட்டுமென்று சட்டைக் கையால் அழுந்தத் துடைத்து, வண்டியில் வைத்து, நனையாமல் சாக்கும் போர்த்திவிட்டார்.

வண்டியிலிருந்து வந்த பேட்டரி பச்சை. பெட்டிக்குள் இருந்த பச்சையின் பக்கத்தில் வைத்ததும் கூடப் பிறந்தது போலப் பொருந்தியது.

"கலர்கூடச் சேர்ந்து வந்துடுச்சு பாரேன்!" என்று ராத்கோ சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

மத்தியானம் அதிகாரி ஒரு போலீஸ்காரருடன் வந்தார். கறுப்பு முக்காட்டோடு பையனின் தாயும் வந்து தள்ளி நின்றாள். சற்று நேரத்தில் ப்ளாமெனும் திரும்பி வந்தான். அவன் காலணியெல்லாம் ஈரச் சேறு.

"சார், இதுவரைக்கும் எல்லாரும் சார்ஜரோட வெச்சே அளந்திருக்காங்க. அது தப்பு. நான் உங்க கண்ணு முன்னாலயே கழட்டிட்டுக் காட்டறேன்."

ராத்கோ நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நல்ல பேட்டரி எப்படி வேலை செய்யும் என்று முதலில் காட்டுவான், பிறகு செத்ததைப் பற்றிச் சொல்வான் என்று நினைத்துக்கொண்டார். தம்பி கெட்டிக்காரன்.

சார்ஜர் கழன்றது. அதிகாரியே பொத்தானை அமுக்கினார். மணி கணீரென்று அடிக்க, கேட் வெண்ணெயில் வழுக்குவது போல இறங்கிச் சாலைக்குக் குறுக்கே படுத்தது.

அந்தத் தாய் கேட்டைப் பார்த்தாள். பிறகு ராத்கோவைப் பார்த்தாள். போலீஸ்காரர் விலங்கை எடுத்தார்.

ராத்கோ பதறிப்போய் ப்ளாமெனின் கையைப் பிடித்தார். "சொல்லு தம்பி! அந்தச் செத்த பேட்டரியைப் பத்தி சார்கிட்ட சொல்லு!"

ப்ளாமென் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"எந்தப் பேட்டரிண்ணே?"