இருட்டை நம்பாதவள்

இரண்டு பல்புகளும் அணைந்தன. ஜெனரேட்டர் அறையிலிருந்த அத்தனை பேரும் ‘அப்பாடா’ என்றார்கள். அக்கா மட்டும் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் மின்சார வேலை பார்க்கிறவள்; எல்லோருக்கும் அவள் அக்கா. என்னைவிட முப்பது வயது சின்னவள், எனக்கும் அக்காதான்.

வெளி மின்சாரம் போய் இரண்டு மணி நேரம். முழு ஆஸ்பத்திரியையும் தலையில் சுமந்த முதல் ஜெனரேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் ரேடியேட்டரில் வந்த ஆவியில் ஒரு பட்டாளத்துக்கே காபி போடலாம். இன்னும் ஐந்து நிமிடம் தாங்கினால் அதிசயம்.

மூன்றாம் மாடியில் ஒருவருக்கு நெஞ்சைத் திறந்து வைத்திருந்தார்கள். அங்கிருந்த பேட்டரி காலையிலேயே கையை விரித்துவிட்டது.

ஆகவே, முதல் ஜெனரேட்டர் ஓடும்போதே இரண்டாவதையும் ஓடவிட்டு அதோடு சேர்க்க வேண்டும்.

ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுவது இதற்கு முன்னால் சுண்டைக்காய். மாற்று மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிற சமாசாரம். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் கணத்தில் சுவிட்சைப் போட்டால், பாலும் தண்ணீரும் மாதிரி கலந்துவிடும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் போச்சு. தொடை தடிமன் இரும்புத் தண்டு, பிழிந்த ஈரத்துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். இரண்டுமே நின்றுவிடும்.

அந்தக் கணத்தைக் காட்டத்தான் நடுவில் அந்த ஜோடி பல்புகள். ஒத்துப்போகாதவரை எரியும், மங்கும், மறுபடி எரியும். ஒத்துப்போனால் அணையும். அணைந்தால் போட வேண்டியதுதான்.

மேற்பார்வையாளர் குதித்த குதியில் ஜெனரேட்டரே ஒரு நூல் நகர்ந்தது. போடும்மா, போடும்மா என்று கத்தினார். வேலை போய்விடும் என்றார். யாருடைய வேலை என்று சொல்லவில்லை.

அக்கா காதடைப்பானைக் கழுத்துக்கு இறக்கினாள். அந்தச் சத்தத்தில் எனக்கெல்லாம் மூளை மூக்கு வழியே வந்திருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“இல்ல சார். பல்புதான் அமைதியாயிடுச்சு. இவங்க ரெண்டு பேரும் இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க.”

இரைச்சல் பெருகி, அடங்கி, மறுபடி பெருகிக்கொண்டிருந்தது. ஒத்துப்போன இயந்திரங்கள் அப்படி இரைவதில்லை.

இரண்டு பல்பும் ஒரே கம்பியில் வரிசையாக நிற்பவை. ஒன்று உயிரை விட்டாலே மற்றதும் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த இருட்டு பொய் இருட்டு.

நான் நாற்பது வருஷம் மோட்டார்களோடு குடித்தனம் நடத்தியவன். நானாக இருந்தால் சுவிட்சைப் போட்டுவிட்டு, அது வெடிக்கிற சத்தத்துக்கு முன்னால் தெருக்கோடிக்கு ஓடியிருப்பேன்.

அக்கா மேற்பார்வையாளரின் அறைக்குப் போனாள். அவர் தலை வாருகிற கண்ணாடிக்கு மேலிருந்த பல்பைக் கழற்றினாள். திரும்பி வந்து, பல்புகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். கறுத்துப்போன பல்பைத் துண்டால் பிடித்துத் திருகி எடுத்தாள். புதியதை மாட்டி, மின்சாரத்தை விட்டாள்.

இரண்டும் பளீரென்று எரிந்தன. மேற்பார்வையாளர் முகம் அதைவிட வெளுத்தது.

இரண்டாவது ஜெனரேட்டரின் வேகத்தை அவள் ஒரு மயிரிழை கூட்டினாள். பல்புகள் நிதானமாக மங்கின. எரிந்தன. இன்னும் நிதானமாக மங்கின. இருண்டன.

‘டக்.’

பெருகி அடங்கிய இரைச்சல் ஒரே சுருதியாயிற்று. மூன்றாம் மாடியில் விளக்கு இமைக்கக்கூட இல்லை.

இதில் பாதி நான் மேற்பார்வையாளரிடம் கறந்தது. மீதி கைச்சரக்கு.

ஆறு நாள் கழித்து, ஒரு கட்டிலின் தலைமாட்டை ஏற்றி இறக்கும் மோட்டார் மக்கர் செய்கிறதென்று அக்கா வார்டுக்கு வந்தாள். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தவளிடம், அன்றைக்கு நடந்ததை அவள் வாயாலேயே சொல்லச் சொன்னேன்.

“பல்பு போயிடுச்சு சார். மாத்தினேன்.”

அவ்வளவுதான்.

மோட்டார் முனகி, ஓட ஆரம்பித்தது. சரியாக ஏறுகிறதா என்று கீழிருந்தே கேட்டாள்.

இன்னும் தையல் பிரிக்காத நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏறுகிறது என்றேன்.