தனிப் பத்தி

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் மரியசூசையின் பத்திகளைப் படித்து மூன்று தாசில்தார்கள் தேம்பி அழுதிருக்கிறார்கள். நாலாமவர் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடியே போனார். ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி, பத்திக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி, அவ்வளவுதான் அவருடைய ரகசியம். அன்று பேச்சித்தாய் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்: ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனது, மழையில் சுவர் சாய்ந்தது, மில்லுக்குப் போன மகள் பதினோரு நாளாகத் திரும்பி வராதது, தெருக்குழாயில் தண்ணீர் வராதது. மரியசூசையின் பேனா நின்றது.

“ஏம்மா, பிள்ளையைக் காணலங்கிறதையா சுவருக்கும் குழாய்க்கும் நடுவுல வச்சுச் சொல்லுத?”

“தனியாச் சொன்னா நெசமாயிரும்லா, அண்ணாச்சி.”

அவர் புதுத் தாளை எடுத்தார். இன்ஸ்பெக்டருக்கு என்று மேலே போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் தனிப் பத்தியாக எழுதினார். அதைச் சுற்றித் தாள் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. மெல்ல வாசித்துக் காட்டிவிட்டு, கைரேகைக்காக மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். பேச்சித்தாய் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை மற்ற நாலு விரல்களுக்குள் இறுக்கி மடக்கி வைத்திருந்தாள்.