ஆகாயத்து டீச்சர்

காலை மணி அடித்தும் பள்ளிக்கூட முற்றத்தில் சத்தமே இல்லை. பனி கலையாத வெயிலில், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஷாப்புகளின் புகைக்குக் கீழே, நாற்பது பிள்ளைகளும் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு டீச்சர் விண்கலத்தில் ஏறிப்போய் அங்கிருந்தே பாடம் நடத்தப்போகிறார் என்று போன வாரம் ஆசையாகச் சொன்னவள் அமிர்தவள்ளி டீச்சர்தான். கிளம்பிய ஒரு நிமிஷத்துக்கெல்லாம் விண்கலம் வெடித்துச் சிதறி, உள்ளே இருந்த ஏழு பேரும் போய்விட்டதை இன்று காலை ரேடியோவில் கேட்டாள். “அந்த டீச்சர் செத்துட்டாங்க, கண்ணுங்களா. எல்லாரும் உள்ள வாங்க,” என்கிறாள். ஒரு தலைகூடக் கீழே இறங்கவில்லை. முன்வரிசையில் நிற்கும் பூங்காவனம் மட்டும் உதட்டில் விரலை வைத்து, மெதுவாகக் கேட்கிறாள்: “அப்போ மேலருந்து பேசுறது யாரு டீச்சர்?”