படகு உதாரணம்

பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றையொன்று மறித்து நிற்காத ஒரு கணினி மொழி. சங்கர்ராமின் பல வருட உழைப்பு. அதைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது.

கூடவே, பெயர் போடாத இரண்டு மதிப்புரைகள். படகுத்துறையில் எதிரெதிரே வந்து, ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நிற்கும் இரண்டு படகுகளை உதாரணம் காட்டியதுதான் கட்டுரைக்கே உயிர் என்றது ஒன்று. மொத்தமும் குப்பை என்றது மற்றது.

பெயர் எதற்கு? இதைப் படித்துப் புரிந்துகொள்ள இருப்பதே இரண்டு பேர்தான். புகழ்ந்தது நண்பன் விஸ்வநாத். குப்பை என்றது கமலாக்ஷி. அவள் உருவாக்கிய மொழியைக் கருத்தரங்கில் எல்லார் முன்னிலும் கிழித்தவனாயிற்றே சங்கர்ராம்.

காக்கநாட்டிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த விஸ்வநாத்தோடு மட்டாஞ்சேரி சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

"அவ பழி வாங்கிட்டாடா."

"விடு. அவ புத்தி தெரிஞ்சதுதானே."

"நீயாவது நல்லதா நாலு வார்த்தை எழுதினியே. அது போரும் எனக்கு."

"சிநேகிதனுக்கு இது கூடப் பண்ணலேன்னா எப்படி?" விஸ்வநாத் சாயாவை ஊதிக் குடித்தான். "அடுத்த தடவை அனுப்பறச்சே அந்தப் படகு உதாரணத்தை மட்டும் எடுத்துடு, கேட்டியா. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்ற மாதிரி இருக்கு. கட்டுரையைக் கெடுத்ததே அதுதான்."

சங்கர்ராம் தன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"கமலாக்ஷி நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"எதுக்கு, திட்டறதுக்கா?"

"இல்லே. தேங்க்ஸ் சொல்லணும்."